உயிர்காக்கும் பணியும் உரிய பயிற்சியும்

(ஆலயத் திருவிழாவையொட்டி மாணவர்களுக்காகவும் பெற்றோர்களுக்காகவும் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தைப்பூசத் திருநாளன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறும் அடியார்களின் கண்கள் மேலே குகையை நோக்கியே இருக்கும். காவடியும் பால்குடமும் சுமந்து செல்லும் அந்தப் பெருங்கூட்டத்தின் ஓரத்திலே, சீருடை அணிந்து, முதலுதவிப் பையுடன் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பினரும் செம்பிறைச் சங்கத்தினரும் காத்து நிற்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வெயிலின் கடுமையாலோ விரதத்தின் களைப்பாலோ ஒருவர் தலைசுற்றி விழுந்துவிட்டால், அடுத்த நொடியே நிலைமை மாறிவிடுகிறது. அதுவரை எவர் கண்ணிலும் படாத அந்தச் சீருடையைத் தேடி நூறு கண்கள் அலைகின்றன.

விழுந்தவர் வெறும் களைப்பினால் விழுந்தாரா, நீரிழிவு நோயாளியாகிய அவருக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டதா, அல்லது இதயமே நின்றுவிட்டதா என்பதை அக்கூட்டத்தில் யார் அறிவார்? சோடா வாங்க ஓடுவோர் ஒருபுறம், துண்டால் விசிறுவோர் மறுபுறம், நெற்றியில் திருநீறு இடுவோர் இன்னொருபுறம் என எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செயல்படுகின்றனர். ஆனால் இதயம் நின்றுபோன ஒருவரின் மூளை நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் சேதமடையத் தொடங்கிவிடும். நெஞ்சை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தொடரச் செய்யும் சி.பி.ஆர். முறை தொடங்கப்படாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைத்துவிடுகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. மருத்துவர் மருத்துவமனையில் இருக்கிறார். நோயாளி தெருவில் கிடக்கிறார். இவ்விருவருக்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களில் உயிரைத் தாங்கிப் பிடிப்பவரே அவசர மருத்துவப் பணியாளர். உலகம் அவரைப் 'பாராமெடிக்' என அழைக்கிறது.

இத்தகைய ஒருவரின் அருமையைத் தமிழர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நோயாளியின் அருகிலே சென்று கவனிப்பவரையும் நான்காவதாகச் சேர்த்து, இந்நான்கும் கூடியதே மருத்துவம் என்று வகுத்தது. அந்த நான்காமவருக்கு வள்ளுவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்' என்பதாகும். உழை என்றால் பக்கம். பக்கத்திலே செல்பவன் என்பது அதன் பொருள்.

அந்த நான்காமவராக விரும்பும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதைக் கேட்டுத் தெளிந்த பிறகு கல்லூரியின் விண்ணப்பப் பாரத்தில் கையொப்பமிட வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

தோட்டத்து டிரசர் முதல் 999 வரை

மலேசியத் தமிழர்களுக்கு இப்பணி புதியதன்று. பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறையினர் 'டிரசர்' என்ற சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி என்று அழைக்கப்பட்ட சிறு கட்டடத்தில் அமர்ந்து, காய்ச்சலுக்கு மிக்சர் ஊற்றிக் கொடுத்தவரும், பால்வெட்டுக் கத்தி கிழித்த காயத்திற்குக் கட்டுப் போட்டவரும் அவரே. நள்ளிரவில் பாம்புக்கடி என்று கதவைத் தட்டினால் விளக்கை ஏந்திக்கொண்டு வந்தவரும் அவரே. பெரிய டாக்டர் எப்போதோ ஒருமுறை வந்துபோவார். டிரசரோ அன்றாடம் அருகில் இருந்தார்.

அந்த டிரசர்களும் பதிவுக்குக் கட்டுப்பட்டவர்களே. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1977-ஆம் ஆண்டில் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் ஒரு வாரியம் அமைந்து, தகுதி பெற்றவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் சேர்க்கிறது. மருத்துவ உதவியாளர் என்னும் பதவியே பிற்காலத்தில் உதவி மருத்துவ அதிகாரி, அதாவது 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடியில் ஒரு முதியவருக்கு நெஞ்சு வலித்தால், கதவைத் தட்டுவதற்கு டிரசர் இல்லை. 999 என்ற எண்ணை அழைத்து, ஆம்புலன்ஸ் வருகைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த வாகனத்திலிருந்து இறங்குபவரின் கையில் என்ன பயிற்சி இருக்கிறது என்பதே அந்த வீட்டின் கதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே, பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது மாணவர் ஒருவரின் எதிர்காலத்தை மட்டும் சார்ந்த காரியமன்று. அவர் என்றோ ஒருநாள் சந்திக்கப்போகும், முகம் தெரியாத ஒருவரின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

ஒரு பெயர், பல பொருள்

மாணவர்கள் முதலில் தெளிய வேண்டியது பெயர்க்குழப்பத்தையாகும். மலேசியாவில் 'பாராமெடிக்' என்ற சொல் பல வேளைகளில் மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர் அனைவரையும் குறிக்கப் பயன்படுகிறது. வேறு நாடுகளிலோ அச்சொல் ஆம்புலன்சில் பணிபுரியும் குறிப்பிட்ட ஒரு தொழிலாளரை மட்டுமே குறிக்கும். இதனால் விளம்பரத்தில் பாராமெடிக் என்று எழுதியிருப்பதைக் கண்டு சேரும் மாணவர், மூன்று நாள் வகுப்பில் சேர்ந்தாரா, மூன்று ஆண்டுப் படிப்பில் சேர்ந்தாரா என்பதையே பின்னர்தான் அறிய நேரிடுகிறது.

இத்துறையில் பயிற்சிகளை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்ப்பது நலம்.

முதற்படி, முதலுதவி, சி.பி.ஆர். ஆகியவற்றைக் கற்பிக்கும் குறுகிய காலப் பயிற்சி. செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் போன்ற அமைப்புகள் இவற்றை நடத்துகின்றன. ஓரிரு நாட்களில் முடியும்; சான்றிதழும் கிடைக்கும். அச்சான்றிதழ் பொதுவாகக் குறிப்பிட்ட காலத்திற்கே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இதைக் கற்றிருப்பது மிகச் சிறந்தது. ஆனால் இதை மட்டும் கொண்டு ஒருவர் மருத்துவத் தொழிலராகிவிட முடியாது. இதற்கு ஆயிரக்கணக்கான வெள்ளியை வாங்கிக்கொண்டு, 'பாராமெடிக் சான்றிதழ்' என்று பளபளக்கும் தாளில் அச்சிட்டுக் கொடுப்பவர் இருந்தால், அங்கே எச்சரிக்கை தேவை.

இரண்டாம் படி, உதவி மருத்துவ அதிகாரியாவதற்கான மூன்றாண்டு டிப்ளோமா. மலேசியாவில் இத்தொழிலுக்குரிய அடித்தளம் இதுவே. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களிலும் தனியார் கல்லூரிகளிலும் இது கற்பிக்கப்படுகிறது. அமைச்சின் கழகங்களுள் சிரம்பானில் உள்ளது இத்துறையில் பலரும் அறிந்த ஒன்றாகும். உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல், பொது மருத்துவம், அறுவை, எலும்பு முறிவு, குழந்தை நலம், மனநலம், அவசரச் சிகிச்சை எனப் பாடங்கள் விரிந்து செல்கின்றன. இதை முடித்துப் பதிவு பெற்றவர் ஆம்புலன்சில் மட்டுமன்றி, அவசரச் சிகிச்சைப் பிரிவு, சுகாதார நிலையம், சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம், எலும்பு முறிவுப் பிரிவு ஆகிய இடங்களிலும் பணிபுரியலாம். அவசரச் சிகிச்சையிலேயே மேலும் ஆழ்ந்து செல்ல விரும்புவோர்க்கு, டிப்ளோமாவிற்குப் பிறகு அதற்கென மேற்பயிற்சிகளும் உண்டு.

மூன்றாம் படி, பட்டப்படிப்பும் வெளிநாட்டுத் தகுதியும். இங்கே ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: ஒரு நாட்டில் பெற்ற தகுதி மறு நாட்டில் அப்படியே செல்லாது. ஆஸ்திரேலியாவில் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் பாராமெடிக் என்ற பட்டத்தைப் பயன்படுத்துவதற்கே தேசிய அளவிலான பதிவு கட்டாயமாயிற்று. பிரிட்டனில் 2021-ஆம் ஆண்டு முதல் புதிதாகப் பதிவு பெறுவதற்கான பயிற்சியின் தரம் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டது. அண்டை நாடான சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைத்தால் வருவது குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ். அதில் பணிபுரிவோரின் பயிற்சி முறையும் பதவி அமைப்பும் வேறு. அங்குள்ள தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் பாராமெடிக் துறைக்கென ஹையர் நைடெக் படிப்பு அமைந்துள்ளது. எனவே, 'இந்த டிப்ளோமாவை முடித்தால் உலகில் எங்கும் வேலை செய்யலாம்' என்று ஒரு முகவர் கூறினால், எந்த நாட்டின் எந்தப் பதிவு அமைப்பு இதை ஏற்கிறது என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். நேர்மையானவர் எழுதித் தருவார்.

பயிற்சியே ஆளை ஆக்கும்

எத்தனையோ பெற்றோர், 'பிள்ளை மதிப்பெண் குறைவாக எடுத்துவிட்டான், ஏதோ ஒன்றில் சேர்த்துவிடுவோம்' என்று எண்ணி இத்துறைக்கு அனுப்புகின்றனர். வேறு சிலரோ, 'டாக்டராக முடியாதவன் செய்யும் வேலை' என்று ஏளனம் செய்கின்றனர். இவ்விரு எண்ணங்களுக்கும் விடையாக அமெரிக்க வரலாற்றில் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

1960-களில் அந்நாட்டின் பிட்ஸ்பர்க் நகரில் நோயாளிகளை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றவை பெரும்பாலும் போலீஸ் வண்டிகளே. வண்டியில் ஏற்றுவார்கள், ஓட்டுவார்கள். வழியில் சிகிச்சை என்பது இல்லை. அந்நகரின் ஹில் டிஸ்டிரிக்ட் பகுதியில் கறுப்பின மக்கள் வறுமையில் வாழ்ந்தனர். வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அவ்வின இளைஞர்களைக் கொண்டே 1967-ஆம் ஆண்டில் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை உருவாக்கப்பட்டது. அவர்களில் சிலர் உயர்நிலைப் பள்ளியைக்கூட முடித்திராதவர்கள். அவர்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தவர் சி.பி.ஆர். முறையின் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் பீட்டர் சாஃபர்.

அவர் முதலுதவியோடு நிறுத்தவில்லை. சுமார் 300 மணி நேரப் பாடத்திட்டத்தில் உடற்கூறும் உடலியங்கியலும் இடம்பெற்றன. இளைஞர்கள் அறுவைக்கூடத்திலும் அவசரப் பிரிவிலும் நின்று, மருத்துவர்களின் கண்காணிப்பில் கைப்பழக்கம் பெற்றனர். பின்னர் அச்சேவையின் மருத்துவ இயக்குநராகப் பொறுப்பேற்ற டாக்டர் நான்சி கரோலின், அங்கே பெற்ற அனுபவத்தைக் கொண்டு நாடு முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதினார். 1975-ஆம் ஆண்டில் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியபோது ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. எனினும், ஒதுக்கப்பட்ட அந்த இளைஞர்கள் பெற்ற பயிற்சியே ஒரு நாட்டின் அவசர மருத்துவத் தரத்திற்கு வித்திட்டது.

இதிலிருந்து பெற்றோர் அறிய வேண்டுவது ஒன்றே. இளைஞர் எந்த வீட்டிலிருந்து வந்தார் என்பதைவிட, எத்தகைய பயிற்சிக்குள் நுழைந்தார் என்பதே அவரை ஆக்குகிறது. கவனத்தோடு தேர்ந்தெடுத்த பயிற்சி, சாதாரண மாணவரை உயிர்காப்பவராக உயர்த்தும். கவனமின்றித் தேர்ந்தெடுத்த பயிற்சி, நல்ல மாணவரையும் கடனாளியாக்கி வீட்டுக்கு அனுப்பும்.

கையொப்பமிடும் முன் கேட்க வேண்டியவை

கல்லூரிகளின் கல்விக் கண்காட்சிக்குச் செல்லும் பெற்றோர், கட்டடத்தின் அழகையும், இலவசமாகத் தரும் மடிக்கணினியையும், 'இன்றே பதிந்தால் கட்டணக் கழிவு' என்ற அறிவிப்பையும் கண்டு மயங்கிவிடக் கூடாது. கீழ்க்காணும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம்.

முதலாவது, பதிவு. 'இந்த டிப்ளோமாவை முடித்தவர் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ள வாரியத்தில் பதிவு பெற முடியுமா? இதற்கு முன் முடித்தவர்கள் பதிவு பெற்றிருக்கிறார்களா?' என்று கேட்க வேண்டும். 'பெறலாம்' என்னும் வாய்ச்சொல் போதாது. பதிவுக்கு வழிசெய்யாத படிப்பு, கதவில்லாத வீட்டிற்கு வாங்கிய சாவியைப் போன்றது.

இரண்டாவது, அங்கீகாரம். மலேசியத் தகுதி முகமையாகிய எம்.கியூ.ஏ. 2007-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலை அது எவரும் பார்க்கத்தக்க வகையில் வெளியிட்டிருக்கிறது. அங்கீகாரம் என்பது கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதன்று. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே கிடைப்பதாகும். அதே கல்லூரியின் வணிகப் படிப்பு அங்கீகாரம் பெற்றிருக்கலாம். மருத்துவ உதவியாளர் படிப்பு பெறாதிருக்கலாம். படிப்பின் பெயர், கல்லூரியின் பெயர், அது நடைபெறும் இடம் ஆகிய மூன்றும் பட்டியலில் உள்ளவாறே பொருந்துகின்றனவா என்று பார்த்தல் அவசியம். தற்காலிக அங்கீகாரம் வேறு, முழு அங்கீகாரம் வேறு என்பதையும் அறிய வேண்டும். புதிய படிப்பு தற்காலிக அங்கீகாரத்தோடுதான் தொடங்கும், அது குற்றமன்று. ஆனால் பல ஆண்டுகள் நடந்த பின்னும் முழு அங்கீகாரம் கிட்டவில்லையெனில், ஏன் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமையுண்டு.

மூன்றாவது, நோயாளிகளுக்கு அருகிலே கழியும் நேரம். நீச்சலைக் கரையில் அமர்ந்து கற்க முடியாததுபோல், இத்தொழிலை வகுப்பறையில் மட்டும் கற்க முடியாது. எந்த மருத்துவமனையில் பயிற்சி? மொத்தம் எத்தனை வாரங்கள்? அவற்றுள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் எத்தனை வாரங்கள்? ஆம்புலன்சில் உடன்செல்ல வாய்ப்பு உண்டா? அங்கே மாணவரைக் கண்காணிப்பவர் யார்? அம்மருத்துவமனையோடு கல்லூரிக்கு எழுத்துப்பூர்வமான உடன்பாடு இருக்கிறதா? இக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லும் கல்லூரியே நம்பத்தக்கது.

நான்காவது, ஆசிரியர்களும் பயிற்சிக்கூடமும். கற்பிப்பவர்கள் அவசரப் பிரிவில் பணியாற்றிய அனுபவம் உடையவர்களா? ஒரு பயிற்சிப் பொம்மையை எத்தனை மாணவர் பகிர்ந்துகொள்கின்றனர்? நாற்பது மாணவர் சுற்றி நின்று ஒருவர் நெஞ்சை அழுத்துவதை வேடிக்கை பார்த்தால், அது பயிற்சியாகாது. பயிற்சிக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். உறை பிரிக்கப்படாத புத்தம்புதுக் கருவிகளைவிட, கைபட்டுத் தேய்ந்த பொம்மையே நல்ல சாட்சி.

ஐந்தாவது, முன்பு படித்தவர்களின் நிலை. விளம்பரத் தாளில் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தை நம்புவதைவிட, அக்கல்லூரியில் படித்து இப்போது பணியில் இருக்கும் ஒருவரை நேரில் சந்தித்து அரை மணி நேரம் பேசுவது மேலானது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், இடையில் விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்பதை அவர் அறிவார். 'அரசாங்க வேலை உறுதி' என்று எந்தத் தனியார் கல்லூரியும் வாக்களிக்க இயலாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆறாவது, செலவு. கல்விக் கட்டணம் மட்டும் செலவன்று. தங்குமிடம், சீருடை, பயிற்சிக்குரிய மருத்துவமனைக்குச் செல்லும் போக்குவரத்து, மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, தேர்வுக் கட்டணம் என அனைத்தையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் கிடைக்கிறது என்பதால் படிப்பு இலவசமாகிவிடாது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பதிவு பெற்றாலும் பெறாவிட்டாலும் கடன் கடன்தான். அது மாணவரின் பெயரிலேயே நிற்கும்.

இக்கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று சில பெற்றோர் கூச்சப்படுகின்றனர். நகை வாங்கும்போது உரைத்துப் பார்க்காமல் எவரும் பணம் கொடுப்பதில்லை. மகனின் அல்லது மகளின் மூன்று ஆண்டுகள் நகையைவிடக் குறைந்தவையல்ல.

மாணவர் தம்மைத்தாமே கேட்க வேண்டியவை

கல்லூரியைச் சோதிப்பதோடு மாணவர் தம்மையும் சோதித்துக்கொள்ள வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் பெற்ற தேர்ச்சி இங்கே பெரிதும் கவனிக்கப்படும். நுழைவுத் தகுதி அவ்வப்போது மாறக்கூடியது. ஆதலால் அந்தந்த ஆண்டின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே முறை.

தகுதிக்கு அப்பாலும் சில உண்டு. தீபாவளியன்றும் பொங்கலன்றும் பணி இருக்கும். நள்ளிரவில் மழையில் நனைந்தவாறு நெடுஞ்சாலையில் நொறுங்கிய காருக்குள் கைவிட வேண்டியிருக்கும். கனமான நோயாளியைக் குறுகிய மாடிப்படி வழியே தூக்கி இறக்க வேண்டியிருக்கும். எவ்வளவு முயன்றும் காப்பாற்ற முடியாமற்போன உயிரின் நினைவோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும். இரத்தத்தைக் கண்டு முதல் முறை கலங்குவது குற்றமன்று. அது பழக்கத்தில் மாறும். மனிதரைக் கண்டு எரிச்சல் கொள்ளும் குணமோ எளிதில் மாறுவதில்லை.

இதை முன்கூட்டியே அறிய ஒரு வழியுண்டு. டிப்ளோமாவில் சேருமுன் ஒரு முதலுதவிப் பயிற்சியை முடித்துவிட்டு, செயிண்ட் ஜான் ஆம்புலன்சிலோ செம்பிறைச் சங்கத்திலோ தொண்டராகச் சேர்ந்து, ஒரு திருவிழா முழுவதும் முதலுதவிக் கூடாரத்தில் நிற்கலாம். காலில் கொப்புளம் கண்ட அடியாருக்கு மருந்திடும்போதும், கூட்டத்தில் தாயைப் பிரிந்து அழும் குழந்தையைத் தேற்றும்போதும், இப்பணி தமக்கு ஏற்றதா என்பது அவருக்கே விளங்கிவிடும். அந்த ஒரு நாள், மூன்றாண்டு காலத் தவற்றைத் தடுக்கவும் கூடும்.

தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு தனிச்சிறப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முதிய தாயார் ஒருவர் 'நெஞ்சு அடைக்குது' என்பார். இன்னொருவர் 'நெஞ்சு கரிக்குது' என்பார். இரண்டும் ஒன்றல்ல என்பது தமிழ் அறிந்தவருக்குத் தெரியும். கரிப்பு என்று சொல்லப்படுவதன் பின்னாலும் மாரடைப்பு ஒளிந்திருக்கக்கூடும் என்பது பயிற்சி பெற்றவருக்குத் தெரியும். 'மயக்கமா வருது' என்ற சொல் தலைச்சுற்றலையும் குறிக்கும், நினைவிழப்பையும் குறிக்கும். எதைச் சொல்கிறார் என்று கேட்டறிந்து மருத்துவரிடம் மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ சரியாக எடுத்துரைப்பவர், அந்தத் தாயாருக்கு மருந்துக்கு நிகரானவர். ஆகவே இத்துறைக்குச் செல்வோர் மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்றையும் கூர்தீட்டி வைத்திருத்தல் நலம்.

பெண்பிள்ளைகளைப் பெற்றோர் தயங்குவதும் உண்டு. ஒரு காலத்தில் மருத்துவ உதவியாளர் பணி ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்டது. அந்நிலை மாறி, பெண்களும் உதவி மருத்துவ அதிகாரிகளாகப் பணிபுரிகின்றனர். ஓடும் ஆம்புலன்சில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணுக்கு, அருகில் ஒரு பெண் இருப்பது எத்துணை ஆறுதல் என்பதைத் தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆலயம் செய்யத்தக்கது

ஆலயங்கள் ஒன்றுகூடும் இடங்கள். தேர்வு முடிவு வெளியான வாரத்தில், ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். பணியிலும் ஓய்விலும் உள்ள உதவி மருத்துவ அதிகாரிகளை அழைத்து, மாணவர்கள் கொண்டுவரும் கல்லூரி விளம்பரத் தாள்களை அவர்களோடு அமர்ந்து பரிசீலிக்கச் செய்யலாம். 'இந்தப் படிப்பு பதிவுக்கு வழிசெய்யுமா?' என்ற ஒரே ஒரு கேள்விக்கு அங்கே தெளிவான விடை கிடைத்தால், சில குடும்பங்களேனும் வீண் கடனிலிருந்து தப்பும். ஆண்டுக்கு ஒருமுறை ஆலய மண்டபத்திலேயே சி.பி.ஆர். பயிற்சியும் நடத்தலாம். அன்னதானக் குழு, தேர்க்குழு, அலங்காரக் குழு ஆகியவற்றோடு ஒரு முதலுதவிக் குழுவும் அமைந்தால், அடுத்த தலைமுறை இளைஞர் இத்துறையை அங்கிருந்தே அறிந்துகொள்வர்.

பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, ஆம்புலன்சின் ஒலி கேட்கும்போது சாலையில் செல்வோர் ஒதுங்கி வழிவிடுகின்றனர். உள்ளே யார் கிடக்கிறார், அவரருகில் யார் இருக்கிறார் என்பதை எவரும் அறியார். நோயாளியின் குடும்பம் மட்டும், அருகில் இருப்பவர் கற்றுத் தேர்ந்தவராக இருக்க வேண்டுமே என்று இறைவனை வேண்டிக்கொண்டிருக்கும். அந்த வேண்டுதலுக்குரிய விடை, சில ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு வீட்டின் கூடத்தில், ஒரு விண்ணப்பப் பாரத்தை முன்வைத்துக்கொண்டு ஒரு தந்தையும் மகளும் கேட்ட கேள்விகளில் இருக்கிறது. அக்கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். விடை எழுத்தில் கிடைக்கும்வரை கையொப்பமிடாதீர்கள்.

அனைவருக்கும் இறையருள் துணைநிற்பதாக.